களைதல் என்னும் சொல்

ஒரு மொழியின் வளத்தை அதிலுள்ள சொற்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பார் உளர். அது நிறைவான அளவுகோல் அன்று. ஒரு செயலின் பல்வேறு நிலைகளைப் பிரித்துக் காட்ட அம்மொழியில் தனித்தனிச் சொற்கள் உள்ளனவா, அச்சொற்களை மக்கள் இடமறிந்து ஆள்கின்றனரா என்னும் இரு வினாக்களே உண்மை அளவுகோலாகும். முதல் வினாவுக்கு ஆம் என்றும் இரண்டாம் வினாவுக்கு இல்லை என்றும் விடை வருமாயின், அகராதி செழித்திருக்கும், மொழி மெலிந்திருக்கும்.

ஒன்றை அது இருக்குமிடத்தில் இல்லாமற் செய்வதற்குத் தமிழில் எத்தனையோ சொற்கள் உள. நீக்குதல், அகற்றுதல், விலக்குதல், கழித்தல், ஒழித்தல், போக்குதல், தீர்த்தல், துடைத்தல், கழற்றுதல், களைதல் என அவை விரியும். ஆயினும், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று எழுதப்பெறும் செய்திகளையும் அறிக்கைகளையும் கட்டுரைகளையும் படிப்போர், இவற்றுள் இரண்டு சொற்களே ஏனையவற்றின் பணியையும் சேர்த்துச் சுமப்பதைக் காண்பர். குப்பையும் அகற்றப்படுகிறது, வறுமையும் அகற்றப்படுகிறது. உறுப்பினரும் நீக்கப்படுகிறார், ஐயமும் நீக்கப்படுகிறது. கைப்பேசியிலும் கணினியிலும் 'நீக்கு' என்னும் ஒரு சொல்லைத் தொட்டால் போதும், எழுதியது மறைந்துவிடும். பேச்சு வழக்கில் இவ்விரண்டும் அருகி, 'எடுத்துவிடு' என்பதே எல்லாவற்றுக்கும் ஈடாகிவிட்டது.

இவ்வாறு பின்தள்ளப்பட்ட சொற்களுள் 'களைதல்' குறிப்பிடத் தக்கது. மேடைப் பேச்சிலும் தீர்மானங்களிலும் அது இன்னும் தலைகாட்டுகிறது என்பது உண்மையே. ஆனால், அங்கும் அது 'நீக்குதல்' என்பதற்கு அணிகலன் பூட்டிய வடிவமாகவே கருதப்படுகிறது. 'குறைகளைக் களைவோம்' என்று முழங்குவோருள் பலர், 'குறைகளை நீக்குவோம்' என்பதைவிட அது எடுப்பாக ஒலிக்கிறது என்பதற்காகவே அதனைத் தேர்கின்றனர். இவ்விரண்டும் ஒன்றல்ல. களைதலுக்கென ஒரு தனிப்பொருள் உண்டு. அப்பொருளை இழந்தால் தமிழர் ஒரு சொல்லை மட்டுமன்றி, ஒரு சிந்தனை முறையையே இழப்பர்.

சொற்களின் வேறுபாடு

முதலில் உடன்பிறப்புச் சொற்களைப் பிரித்து நோக்குதல் வேண்டும். 'அகற்றுதல்' என்பது 'அகல்' என்பதன் பிறவினை. ஒன்றை அகலச் செய்வது, அதாவது தொலைவுக்குக் கொண்டுபோவது அதன் பொருள். சாலையில் விழுந்த மரத்தை அகற்றலாம். அகற்றிய பின்னும் மரம் எங்கோ ஓரிடத்தில் கிடக்கும். 'விலக்குதல்' என்பதில் அவ்வளவு தொலைவும் இல்லை. திரையை விலக்கினால் அது அருகிலேயே ஒதுங்கி நிற்கும். 'கழித்தல்' கணக்குக்கு உரியது. பத்தில் மூன்றைக் கழித்தால் எஞ்சுவது ஏழு. 'ஒழித்தல்' என்பதில் அழிவின் ஒலி உண்டு. கொசுவை ஒழிக்கலாம், கொத்தடிமை முறையை ஒழிக்கலாம். ஒழிக்கப்பட்டது மீண்டும் தலைதூக்கலாகாது என்பதே ஒழிப்போரின் நோக்கம்.

இச்சொற்கள் அனைத்தும் நீக்கப்படும் பொருளையே நோக்கி நிற்பவை. 'களைதல்' மட்டும் எஞ்சி நிற்கும் பொருளை நோக்குகிறது. வயலில் பயிர் இருப்பதனால்தான் களை என்று ஒன்று இருக்கிறது. பயிரில்லாத வெற்று நிலத்தில் முளைப்பது வெறும் புல். அதனைச் செதுக்கலாம், கொளுத்தலாம், உழுது புரட்டலாம். களைந்தான் என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே, களைபவன் இரண்டைத் தெரிந்திருக்க வேண்டும்: எது களை, எது பயிர். இளமையில் இரண்டும் பச்சையாகவே இருக்கும். ஒன்றன் வேர் மற்றொன்றன் வேரோடு பின்னியிருக்கும். களையைப் பற்றி இழுக்கும் விரலுக்குப் பயிரின் வேர் அசைகிறதா என்பதும் தெரிந்தாக வேண்டும். நீக்குவதற்குக் கை போதும்; களைவதற்குக் கண்ணும் வேண்டும்.

வீட்டு வழக்கு

இப்பொருளை நூலோர் மட்டுமே போற்றினர் என்று கருதுதல் தவறு. அடுக்களைப் பெண்டிர் அதனை நன்கறிவர். 'அரிசியைக் களைந்து உலையில் இடு' என்பது தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் தொடர். இங்குக் 'கழுவுதல்' என்னும் சொல் ஏன் வரவில்லை? கழுவுதல் அழுக்கைப் போக்குவது. களைதலோ அரிசியை நீரிலிட்டு அலசி, மிதக்கும் உமியையும் தூசியையும் நீரோடு வடித்து, அடியில் தங்கும் கல்லை விலக்கி, மணி ஒன்றும் சிந்தாமல் அரிசியை மீட்டெடுப்பது. வடிக்கும்போது பாத்திரத்தின் விளிம்பில் விரல்களை அணையாக வைத்துக்கொள்வது எதற்காக? போவது போகட்டும், இருக்க வேண்டியது இருக்கட்டும் என்பதற்காகவே. அந்த விரல்களே களைதல் என்னும் சொல்லின் விளக்கம்.

இதற்கு இணையான மற்றொரு சொல் 'ஆய்தல்'. கீரையை ஆய்வோர் பழுத்த இலையையும் முற்றிய தண்டையும் ஒதுக்கி, நல்லதைத் திரட்டுவர். அதே சொல்லிலிருந்துதான் ஆய்வு, ஆராய்ச்சி, ஆய்வாளர் என்னும் பெருஞ்சொற்கள் பிறந்துள்ளன. திறனாய்வு என்பதும் அவ்வழி வந்ததே. சொல்லின் பிறப்பை மறவாத திறனாய்வாளர், குற்றங்களைத் திரட்டுவதோடு நில்லாது, நல்லதைத் தட்டில் எடுத்து வைப்பார்.

ஆடை களைதல், அணி களைதல் என்பனவும் பழைய வழக்குகளே. அங்கும் எஞ்சி நிற்பது உடம்பு. களையப்படுவது அதன்மேல் ஏறிய ஒன்று. இடர் களைதல், துயர் களைதல், பிணி களைதல் என்பவற்றிலும் அதே அமைப்பைக் காணலாம். துயர் என்பது மனிதன்மேல் படர்ந்த ஒன்று; மனிதன் பயிர். துயரை ஒழிக்கிறேன் என்று மனிதனையே ஒழித்தல் களைதல் ஆகாது.

இலக்கிய வழக்கு

திருவள்ளுவர் இச்சொல்லை ஆளும் இடங்கள் ஆழ்ந்து கற்கத் தக்கவை. நட்பைக் கூறும் 788ஆம் குறளில், ஆடை நழுவியவனுடைய கை விரைந்து சென்று உதவுவதை உவமையாக்கி, நண்பனின் இடுக்கணைக் களைவதே நட்பு என்கிறார். உடுக்கை நழுவிய உடம்பைக் காப்பதே அந்தக் கைக்கு நோக்கம். யார் நழுவவிட்டார் என்று விசாரித்துக்கொண்டிருப்பது அதன் வேலையன்று. உழவைக் கூறும் 1038ஆம் குறளில் எருவிடுதலையும் நீர்பாய்ச்சுதலையும் காவலையும் பேசுமிடத்து, களை பறித்த பின்னரே காவலின் சிறப்பைச் சொல்கிறார். பயிரைப் பேணும் ஒரு நீண்ட பணியில் களைதல் ஒரு படி. அது தனித்து நிற்கும் செயலன்று.

879ஆம் குறள் எச்சரிக்கையாக அமைகிறது. முள்மரத்தை இளமையிலேயே வெட்டுக. முற்றிவிட்டால் அது களைபவர் கையையே வருத்தும் என்பது அதன் கருத்து. களைதலுக்குக் காலம் உண்டு என்பதும், காலம் தவறினால் துன்பம் களைபவருக்கே என்பதும் இதனால் பெறப்படும்.

550ஆம் குறள் இவற்றினும் கடுமையானது. கொலையிற் கொடியாரை அரசன் தண்டித்தல், பசும்பயிர் வளர்ந்த நிலத்தில் களை பறிப்பதற்கு ஒப்பாகும் என்கிறது. இக்குறளைத் துணைக்கழைத்துத் தமக்கு வேண்டாதவரையெல்லாம் களையென்று கூறுவோர் எக்காலத்தும் உண்டு. அவர்கள் அக்குறளை முழுமையாகப் படித்தவர்கள் ஆகார். அது நிற்கும் அதிகாரம் செங்கோன்மை, குற்றமோ கொலை, தண்டிப்பவனோ ஆராய்ந்து முறைசெய்யும் கடமையுடைய வேந்தன். இம்மூன்றும் கூடாதவிடத்து அவ்வுவமை செல்லாது.

கம்பரின் பார்வை இதற்கு மறுபுறம் நின்று சுவை பயக்கிறது. கோசல நாட்டு வயல்களை வருணிக்கும் நாட்டுப் படலத்தில், நீர்ப்பூக்கள் களைகளாக மண்டிக் கிடக்கின்றன. அவை தம் பெண்டிரின் கண்ணையும் கையையும் காலையும் முகத்தையும் வாயையும் ஒத்திருப்பதனால், அவற்றைப் பறிக்க மனமின்றி உழவர் உலாவி நிற்கின்றனர். இது கவிஞரின் கற்பனை என்று கடந்துவிடலாம். ஆனால், அதனுள் ஓர் உண்மை அடங்கியுள்ளது. குளத்தில் பூத்தால் மலர், வயலில் பூத்தால் களை. களை என்பது ஒரு செடியின் சாதிப்பெயர் அன்று. இடத்தையும் வேளையையும் பொறுத்து மனிதன் அதற்கு இடும் பெயர். ஆகவே, களைபவனுக்கு ஒரு கணத் தயக்கம் வேண்டும். கம்பரின் உழவர் அத்தயக்கத்தை அளவுக்கு மிஞ்சி உடையவர்; இன்று 'நீக்கு' என்னும் பொத்தானைத் தொடுவோருக்கோ அது அறவே இல்லை.

சமய வாழ்விலும் இச்சொல் வேரூன்றியுள்ளது. திருநெடுங்களத்தில் ஞானசம்பந்தர் பாடிய பதிகத்தை 'இடர் களையும் பதிகம்' என்றே சைவ உலகம் வழங்குகிறது. 'களைகண்' என்னும் பழஞ்சொல்லுக்குப் பற்றுக்கோடு, புகலிடம் என்பன பொருள். துன்பத்தைக் களைபவரே துணையாவார் என்னும் எண்ணம் அச்சொல்லில் ஒலிக்கிறது.

எழுத்துப் பிழையும் பொருட்பிழையும்

இச்சொல்லை ஆள்வதில் மாணவர் இடறும் இடங்கள் சில உள. லகர ளகர வேறுபாடு நாவில் மங்கிவிட்ட சூழலில், 'களைதல்' எளிதில் 'கலைதல்' ஆகிவிடுகிறது. கலைத்தல் என்பதும் இல்லாமற் செய்யும் சொல்லே. எனினும், அது ஓர் ஒழுங்கைச் சிதறடிப்பது. கூட்டம் கலைகிறது, கூந்தல் கலைகிறது, நாடாளுமன்றம் கலைக்கப்படுகிறது. 'சங்கத்தின் குறைகளைக் களைவோம்' என்று எழுத எண்ணியவர் ஓரெழுத்தை மாற்றி எழுதினால், குறைகள் சிதறிப் பல இடங்களிலும் பரவுவதாகப் பொருள்பட்டு நகைப்புக்கு இடமாகும்.

'வேடத்தைக் கலைத்தான்', 'வேடத்தைக் களைந்தான்' என்னும் இரண்டும் பிழையற்ற தொடர்களே. முன்னதில் ஒப்பனையின் ஒழுங்கு குலைகிறது. பின்னதில் ஒப்பனை நீங்கி உண்மை உருவம் வெளிப்படுகிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவனுக்கு எழுத்துப் பயிற்சி வெறும் மனப்பாடமாக இராது.

'களைந்தான்' வேறு, 'களைத்தான்' வேறு என்பதும் நினைவிற் கொள்ளத் தக்கது. முன்னவன் ஒன்றை நீக்கியவன், பின்னவன் சோர்ந்தவன். முகத்தின் பொலிவைக் குறிக்கும் 'களை' மற்றொன்று. திருவிழா களைகட்டியது என்று செய்தித்தாள்கள் எழுதுவது இப்பொலிவைக் கருதியே. வள்ளுவரின் 'களைகட்டல்' களை பறித்தலைக் குறிக்க, இன்றைய 'களைகட்டுதல்' பொலிவு பெறுதலைக் குறிக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கே அறியாத இளைஞன் 550ஆம் குறளைத் திருவிழாவாகப் பொருள்கொண்டால், குற்றம் அவனுடையதன்று, கற்பித்தோருடையது.

தோட்டத்துக் களை

மலாயா மண்ணில் இச்சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து கங்காணி முறையில் வந்தோர் காட்டை அழித்தனர், கன்றை நட்டனர், களையை எடுத்தனர். பால்வெட்டுக்கு நிகராகக் களையெடுப்பும் அவர்களின் அன்றாட வேலையாயிற்று. இலாலாங் புல்லின் வேர்த்தண்டு மண்ணுக்குள் நெடுந்தொலைவு ஓடுவது. ஒரு துண்டு எஞ்சினாலும் மீண்டும் முளைப்பது. அதனோடு போராடிய கைகளின் காய்ப்பை எந்தக் கணக்கேடும் பதிவு செய்யவில்லை.

அக்காலத் தோட்ட நிருவாகங்கள் மரங்களுக்கிடையே ஒரு புல்லும் தெரியலாகாது என்று விரும்பின. நிலம் துடைத்து வைத்தாற்போல் இருப்பதே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் எனப்பட்டது. விளைவு வேறாயிற்று. மூடுவதற்கு இலையும் பிடிப்பதற்கு வேரும் இல்லாத மண்ணை வெப்பமண்டலப் பெருமழை அரித்துச் சென்றது. சரிவுகளில் மேல்மண் போய்விடவே, உரமும் உடன் போயிற்று. பின்னர்த்தான் அறிவு பிறந்தது. மரங்களுக்கிடையே அவரையினக் கொடிகளை மூடுபயிராகத் திட்டமிட்டு வளர்க்கும் முறை பரவியது. அக்கொடிகள் மண்ணைக் காத்தன, ஈரத்தைத் தேக்கின, தழைச்சத்தையும் தந்தன. முற்றத் துடைப்பது களைதல் அன்று என்னும் பாடத்தை இந்நாட்டு மண்ணே கற்பித்தது.

அதன்பின் மருந்துகள் வந்தன. கையால் பறிக்கும் காலத்தில் 'களையெடுப்பு' என்றிருந்த வேலை, நஞ்சைத் தெளிக்கும் காலத்தில் 'மருந்தடிப்பு' ஆயிற்று. நஞ்சுக்குக் 'களைக்கொல்லி' என்று பெயர் வந்தது. எடுத்தல் என்னும் சொல் இருந்த இடத்தில் கொல்லுதல் என்னும் சொல் அமர்ந்தது. முதுகில் தோம்பைச் சுமந்து தெளித்தவருள் பெரும்பாலோர் பெண்கள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியால் அவர்களின் தோலும் நகமும் புண்பட்டன. மூக்கில் குருதி கசிந்தது. மலேசியா 2002ஆம் ஆண்டு அதனைத் தடை செய்தது. 2006ஆம் ஆண்டு தடையைத் தளர்த்தியது. 2020 சனவரி முதல் நாள்தொட்டு மீண்டும் தடை செய்தது. களைபவர் கையையே வருத்தும் என்று வள்ளுவர் முள்மரத்துக்குச் சொன்னது, நஞ்சுக்கும் பொருந்திப்போயிற்று.

எழுத்துலகில் களைதல்

தோட்டத்து மண் கற்பித்த பாடம் மொழிக்கும் உரியது. 1916ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், தமிழில் மண்டிக்கிடந்த வேண்டாச் சொற்களைக் களைந்தது. அக்கிராசனர் தலைவரானார், வந்தனோபசாரம் நன்றியுரையாயிற்று, பிரசங்கம் சொற்பொழிவாயிற்று. தமிழ்ப்பயிர் அதனால் தழைத்தது என்பதை மறுப்பார் இலர். அது உண்மையான களைதல்.

ஆயின், அதே ஆர்வத்தால் தோட்ட வாழ்வைக் கூறும் சிறுகதையிலிருந்து கிராணியையும் தண்டலையும் பெரட்டையும் லயத்தையும் பிடுங்கி எறிவது எவ்வகைத் தொண்டு? எழுத்தர், மேற்பார்வையாளர், வருகைக் கணக்கெடுப்பு, வரிசைவீடு என்று மாற்றி எழுதினால் சொல் தூய்மையாகலாம். ஆனால், விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு ஓடிய தாயின் மூச்சிரைப்பு அதில் கேளாது. அச்சொற்கள் இந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேர்கள். அவற்றைத் துடைத்தெடுத்தால் அடுத்த தலைமுறை எழுதுவதற்கு மேல்மண் இராது. கட்டுரையில் களையாவது கதையில் பயிராகலாம் என்பதைக் கம்பரின் நீர்ப்பூக்களைக் கொண்டு தெளிக.

பள்ளிக்கூடத்துக்கும் இது பொருந்தும். கற்றலில் பின்தங்கிய மாணவர்க்கு நடத்தப்பெறும் சிறப்புப் போதனையை 'குறைநீக்கல் போதனை' என்று மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் வழங்குகின்றன. 'நீக்கல்' இருக்கும் இடத்தில் 'களைதல்' இருக்கக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். பெயரை மாற்றவேண்டும் என்பதன்று. பொருளை மறவாதிருந்தால் போதும். வகுப்பின் பின்வரிசைக்கு ஒதுக்கப்பட்ட பிள்ளையிடம் குறை உண்டு, பிள்ளை குறையன்று. ஒரு கட்டுரை ஏடு முழுவதையும் சிவப்பு மையால் நிரப்பித் திருப்பித் தரும் ஆசிரியர் பிழைகளை நீக்கியிருக்கலாம். எழுதும் ஆசையையும் உடன் பறித்திருப்பார். மூன்று பிழைகளைக் களைந்து, ஒரு நல்ல தொடரைப் பாராட்டி எழுதித் தரும் ஆசிரியரே அரிசி களையும் கையின் நுட்பம் அறிந்தவர்.

'களையெடுப்பு' என்னும் சொல்லை மனிதர்மேல் ஏவுவது இவற்றினும் கொடிது. கட்சிகளிலும் சங்கங்களிலும் கருத்து மாறுபட்டோரை வெளியேற்றுவதைக் களையெடுப்பு என்று எழுதும் வழக்கம் உள்ளது. அச்சொல்லை ஆள்வோர் தம்மைப் பயிர் என்றும் மாற்றாரைக் களை என்றும் தாமே முடிவு செய்துகொள்கின்றனர். 'வெளியேற்றம்' என்று நேராக எழுதினால் காரணம் கேட்பார் உண்டு; 'களையெடுப்பு' என்றால் காரணம் அச்சொல்லுக்குள்ளேயே புதைந்துவிடும். ஆகவே, மனிதரைப் பற்றி எழுதும்போது இச்சொல்லைத் தவிர்ப்பது மொழியறம்.

தோட்டத் தமிழரின் வரலாறே இதற்குச் சான்று. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெருந்தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் இழந்தோர் பலர். அந்நிலையில், தொழிலாளரே தோட்டங்களுக்கு உரிமையாளராகும் நோக்குடன், வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னாளில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயங்களில் வாழ்ந்தோர் வெளியேறினர். கடிதங்களும் அறிக்கைகளும் இதனை நில மேம்பாடு என்றும், குடியிருப்போர் அகற்றம் என்றும் குறித்தன. மக்களோ முதல் நிகழ்ச்சிக்குத் தாமாகவே ஒரு பெயரிட்டிருந்தனர்: 'தோட்டத் துண்டாடல்'. நிலம் துண்டானது, உறவும் துண்டானது, பள்ளியும் கோயிலும் துண்டாயின என்பதையெல்லாம் அவ்வொரு சொல் அடக்கி நிற்கிறது. அச்சொல்லைத் தேர்ந்தவர் அகராதி பார்த்தவர் அல்லர். தம் வாழ்வைப் பார்த்தவர்.

சொல்லை இடமறிந்து ஆளும் திறம் படித்தவர்க்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் புலனாகும். தலைமுறைக் காலம் இந்நாட்டு மண்ணில் களையெடுத்த மக்கள், தம்மைக் களையென்று பிறர் கருதிய வேளையிலும் சரியான சொல்லைக் கண்டெடுத்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழில் எழுதுகின்றனர். ஒன்றை அடிக்கும் முன் அது களையா பயிரா என்று ஒரு கணம் நோக்கும் பழக்கத்தை அப்பிள்ளைகளுக்குக் கற்பிப்பது தமிழாசிரியர் கடமை. அரிசி களையும் நீரில் விரல்கள் அணையாக நிற்கும் வரை உலைக்கு அரிசி குறையாது.